கம்பனிய காப்பாத்தினா காசு யாரின்ர கைக்குப் போகுது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நட்டத்தில ஓடுற பெரிய கம்பனிகளை அரசாங்கம் காசு போட்டு காப்பாத்துறது சரியா பிழையா எண்டு உங்கட பத்திரிகையில கொஞ்ச நாளா வாசகர்கள் மாறி மாறி எழுதிக்கொண்டு வாறாங்க. ஒரு பக்கம் விட்டா ஆயிரக்கணக்கான ஆக்களுக்கு வேலை போகும் எண்டு சொல்றாங்க, மற்றப் பக்கம் வித்துத் தள்ளுங்கோ எண்டு சொல்றாங்க. ரெண்டு பக்கமும் ஒரு கேள்விய கேக்காம விட்டிருக்கு. அரசாங்கம் குடுக்கிற காசு அந்தக் கம்பனிக்குள்ள எவ்வளவு நேரம் நிக்குது, அங்க இருந்து எங்க போகுது? நான் திருகோணமலையில ஒரு தனியார் கம்பனியில கணக்குப் பகுதியில வேலை செய்யிற ஆள். ஒரு கம்பனி விழப்போகுது எண்டு கேள்விப்பட்டா அது என்ன செய்யிற கம்பனி, எத்தினை பேர் வேலை செய்யிறாங்க எண்டு பாக்கிறதுக்கு முதல் ஐந்தொகையில, அதாவது கம்பனியின்ர சொத்தையும் கடனையும் காட்டுற கணக்கில, கடன் பக்கத்தைத் தான் பாப்பன். அதில யாரின்ர பேர் இருக்கோ அவங்களுக்குத் தான் அரசாங்கத்தின்ர காசு போகப்போகுது.

கம்பனி விழுறது எண்டா என்ன, குடுக்க வேண்டிய காசை குடுக்க ஏலாமப் போறது. சம்பளம் குடுக்கோணும், சாமான் தந்தவனுக்கு குடுக்கோணும், பாங்க் லோன் இருக்கும், கம்பனி கடன் வாங்க விக்கிற பத்திரமான பொண்ட்டை வாங்கின வெளிநாட்டு ஃபண்ட் இருக்கும், லீசிங்குக்கு மிஷினோ பிளேனோ தந்தவங்க இருப்பாங்க. சட்டப்படி கோட்ஸுக்குப் போய் கம்பனிய மூடினா இருக்கிறதை வித்து இவங்க எல்லாருக்கும் பிரிச்சுக் குடுப்பாங்க, கடன் குடுத்தவனுக்கு நூறு ரூபாவுக்கு அம்பதோ முப்பதோ வரும், சிலருக்கு ஒண்டுமே வராது. அரசாங்கம் இடையில வந்து காசு போட்டா அதே ஆளுக்கு நூறும் முழுசா வரும். அந்த வித்தியாசம் தான் பெயில்அவுட் எண்டு சொல்ற இந்தக் காப்பாத்தலின்ர உண்மையான லாபம், அது கடன் குடுத்தவனுக்குத் தான் போகுது. வேலை செய்யிற பெடியனுக்கு சம்பளம் தொடர்ந்து வரும், அது உண்மை, அது பெரிய விசயம் தான். ஆனா அவன் அந்தச் சம்பளத்துக்கு திரும்ப வேலை செய்து குடுக்கிறான். பழைய கடனை முழுசா வாங்கிக்கொண்டு போறவர் திரும்ப ஒண்டும் செய்து தாறதில்லை.

இதை நான் சும்மா கற்பனையில சொல்லேல்லை. 2008 செப்டெம்பர் 15 அமெரிக்காவில லேமன் பிரதர்ஸ் எண்ட பாங்க் விழுந்தது, அதை விட்டிட்டாங்க. அடுத்த நாளே ஏஐஜி எண்ட இன்சூரன்ஸ் கம்பனிக்கு அமெரிக்க மத்திய வங்கி 85 பில்லியன் டொலர் கடன் குடுக்க வந்தது, பதிலுக்கு கம்பனியில 79.9 வீத உரிமை எடுத்தாங்க. பிறகு அந்த உதவி கூடிக் கூடி 180 பில்லியனையும் தாண்டினது. ஏஐஜி வீட்டுக்கடன் பொண்ட்களுக்கு ஒரு வகை இன்சூரன்ஸ் வித்திருந்தது, வாங்கினவங்க உலகத்தின்ர பெரிய பாங்க்கள். அரசாங்கக் காசு ஏஐஜிக்குள்ள வந்து, அப்படியே அந்த பாங்க்களுக்குப் போச்சு. கோல்ட்மன் சாக்ஸுக்கு 12.9 பில்லியன் டொலர். பிரான்ஸின்ர சொசியெத்தே ஜெனரால், ஜேர்மனியின்ர டொய்ச்ச பாங்க் ரெண்டுக்கும் ஆளுக்கு 11 பில்லியனுக்கு மேல. எல்லாருக்கும் சொன்ன விலை முழுசா, ஒரு சதம் குறைக்காம. அமெரிக்க மத்திய வங்கியின்ர நியூயோர்க் பிரிவான நியூயோர்க் ஃபெடரல் ரிசேவ் அந்த பாங்க்களோட சரியா பேரம் பேசேல்லை எண்டு, இந்தக் காசுகளைக் கண்காணிக்க அரசாங்கமே வச்ச விசேட பரிசோதகர் 2009 நவம்பர்ல அறிக்கை எழுதினார். அதே வருசம் மார்ச்சில, கம்பனிய விழுத்தின அதே பிரிவில வேலை செய்தவங்களுக்கு 165 மில்லியன் டொலர் போனஸ் போனது வெளிய வந்து நாடே கொதிச்சது. கடைசியில 2012 டிசம்பர்ல மிச்ச ஷெயாரையும் வித்து முடிச்சு, 22.7 பில்லியன் லாபத்தோட வெளிய வந்திட்டம் எண்டு அமெரிக்க திறைசேரி சொன்னது. அந்தக் கணக்கு பிழை எண்டு நான் சொல்ல வரேல்லை. ஆனா அதே வருசங்கள்ல வீட்டுக்கடன் கட்ட முடியாம லட்சக்கணக்கான அமெரிக்க குடும்பங்கள் வீட்டை விட்டு இறங்கினது. அந்த வீட்டுக்கடனை வச்சுச் செய்த பொண்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்த பாங்குக்கு நூறுக்கு நூறு கிடைச்சது, அந்த வீட்டில இருந்த குடும்பத்துக்கு அப்படி ஒரு கை நீளேல்லை. எனக்கு இது தான் தாங்க முடியாத விசயம்.

இனி எங்கட நாட்டுக்கு வாறன். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 1979ல எயார் லங்கா எண்டு தொடங்கினது. 1998ல எமிரேட்ஸ் ஷெயார் வாங்கி, பத்து வருசம் நிர்வாகத்தை நடத்தினது. 2007 டிசம்பர்ல லண்டன்ல இருந்து வாற ஒரு பிளேன்ல ஜனாதிபதியின்ர குழுவுக்காக டிக்கட் எடுத்த பயணிகளை இறக்க மாட்டம் எண்டு கம்பனி சொல்ல, அதின்ர வெளிநாட்டு தலைமை அதிகாரியின்ர வேலை விசாவை ரத்துச் செய்தாங்க, 2008ல எமிரேட்ஸ் நிர்வாகத்தை விட்டிட்டுப் போச்சு, 2010ல அவங்கட ஷெயாரை 53 மில்லியன் டொலர் குடுத்து அரசாங்கமே வாங்கினது. அதுக்குப் பிறகு வருசத்துக்கு வருசம் நட்டம் தான். 2007ல தொடங்கின மிஹின் லங்கா எண்ட அரசாங்க எயார்லைனும் நட்டத்தில தான் ஓடினது, 2016ல அதை மூடி வேலையை ஸ்ரீலங்கனின்ர தலையில போட்டாங்க. எமிரேட்ஸ் போன பிறகு 2013ல புது பிளேன் வாங்க, பிளேன் செய்யிற எயார்பஸ் கம்பனியோட செய்த ஒப்பந்தத்தில என்ன நடந்தது எண்டு 2020 ஜனவரியில லண்டன் கோட்ஸில வெளிய வந்தது, எங்கட எயார்லைன் அதிகாரி ஒருத்தரின்ர மனைவியின்ர கம்பனிக்கு 16.84 மில்லியன் டொலர் குடுக்க எயார்பஸ் ஆக்கள் உடன்பட்டு 2 மில்லியன் குடுத்தும் இருக்கினம் எண்டு பிரிட்டிஷ் விசாரணையாளர்கள் எழுதியிருக்காங்க. பிறகு எயார்பஸ்ஸின்ர ஏ350 எண்ட பிளேன் வேண்டாம் எண்டு லீசிங் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யவும் கோடிக்கணக்கான டொலர் நட்டஈடு கட்டினம். ஒரு ஏ350 பிளேனும் வராம.

இப்ப அந்த நட்டம் எல்லாம் எங்க போய் நிண்டது எண்டு பாருங்கோ. 2014ல எயார்லைன் 175 மில்லியன் டொலருக்கு வெளிநாட்டில பொண்ட் வித்தது, அரசாங்க உத்தரவாதத்தோட. 2019ல அதை அடைக்கப் புதுப் பொண்ட் வித்து 2024 வரைக்கும் நீட்டினாங்க, வட்டி 7 வீதம். தொடர்ந்து நட்டம் காட்டுற ஒரு எயார்லைனுக்கு கணக்கைப் பாத்து யாரும் கடன் குடுக்க மாட்டாங்க, அரசாங்கத்தின்ர கையெழுத்தைப் பாத்துத் தான் குடுத்தாங்க. மற்றது உள்நாட்டுக் கடன், இலங்கை வங்கி, மக்கள் வங்கி, எரிபொருள் குடுத்த பெற்றோலியக் கூட்டுத்தாபனம். ஐஎம்எஃப் எண்ட சர்வதேச நாணய நிதியத்தோட செய்த உடன்பாட்டுக்குப் பிறகு இந்தப் பழைய கடன்ல 500 மில்லியன் டொலருக்கு மேல அரசாங்கம் தன்ர கணக்குக்கு எடுக்க முடிவு செய்தது. அரசாங்கத்தின்ர கணக்கு எண்டா எங்கட வற் வரி, எங்கட பிள்ளையளின்ர பால்மாவில கழியிற காசு.

இலங்கை வங்கியிலயும் மக்கள் வங்கியிலயும் காசு போட்டிருக்கிறது நாங்க தானே, அப்ப எங்களைத் தானே காப்பாத்தினது எண்டு யாராவது கேக்கலாம். கேட்டா அதில நியாயம் இருக்கு, எங்கட மத்திய வீதியில இருக்கிற பாங்க்ல வரிசையில நிக்கிற பென்சன்கார ஐயாமாரின்ர காசு போகக்கூடாது எண்டதில எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனா உத்தரவாதம் எண்ட ஒரு கடதாசி இருந்தா பாங்க் கம்பனிய சோதிக்காது, அது தான் இதில இருக்கிற கெடுதி. எங்கட ஊர்ல ஒருத்தர் கடைக்கு பத்து லட்சம் லோன் கேட்டா உறுதி கேக்கிறாங்க, ரெண்டு பிணை கேக்கிறாங்க, ஆறு மாத பாங்க் ஸ்டேட்மென்ட் கேக்கிறாங்க. ஆயிரம் கோடிக் கணக்கில போற லோனுக்கு திறைசேரியின்ர கடிதம் காணும். அந்த லோனை சிபாரிசு செய்தவர், கையெழுத்து வச்சவர், கம்பனியின்ர டிரெக்டர் போர்ட்ல இருந்தவர், இவங்கள்ல ஒருத்தரையாவது அந்த நட்டத்துக்கு பொறுப்பெடுக்க வச்சதா நான் கேள்விப்படேல்லை. 2024 பட்ஜெட்டில பாங்க்களுக்கு மூலதனம் போடவெண்டு 450 பில்லியன் ரூபா ஒதுக்கினாங்க. அதைப் பற்றி திருகோணமலையில பஸ்ஸில, சந்தையில, ஒபிஸ்ல எங்கயும் ஆக்கள் கதைச்சதை நான் காணேல்லை. அந்த நேரம் எல்லாரும் கதைச்சது வற் 18 வீதமாகப் போகுது எண்டதைத் தான். ரெண்டும் ஒரே பட்ஜெட் காலத்து விசயம், ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சு யாரும் எங்களுக்குக் காட்டேல்லை.

இதுக்கெல்லாம் யார் காசு கட்டினது எண்டதுக்கு நான் புத்தகம் தேடிப் போகத் தேவையில்லை, எங்கட மாவட்டத்துக்குள்ளயே இருக்கு. 2022 ஓகஸ்ட்டில மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில இருந்து ஒரே இரவில 340 ரூபா ஆனது. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நட்டத்தில போகுது, இனி மானியம் குடுக்க ஏலாது எண்டு சொன்னாங்க. கூட்டுத்தாபனத்தின்ர கடன் வருசக்கணக்கா ஏறினது டொலர் விலையால, கையாளத் தெரியாத நிர்வாகத்தால, கடன் கட்டாத மின்சார சபையாலயும் எயார்லைனாலயும். திருக்கடலூர்லயும் சல்லியிலயும் குச்சவெளியிலயும் மூதூர்லயும் சின்ன போட்டில அவுட்போட் இன்ஜினைக் கட்டிக்கொண்டு விடியக் காலமை கடலுக்குப் போற ஆக்கள் அந்தக் கடனை எடுக்கேல்லை. அவங்கட இன்ஜின் மண்ணெண்ணெயில தான் ஓடுது, ஒரு தரம் போய் வாற செலவு நாலு மடங்காச்சு, பிடிபடுற மீன் நாலு மடங்காகுமா? எத்தினையோ பேர் போட்டை கரையில ஏத்தி வச்சிட்டு கூலி வேலை தேடினாங்க. கூட்டுத்தாபனத்தை காப்பாத்தின காசு இவங்கட அடுப்பில இருந்து போன காசு எண்டு நான் சொன்னா அது மிகையில்லை.

மின்சார சபையும் அப்படித் தான். 2022 யூலையில மாதம் 30 யூனிட் பாவிக்கிற ஒரு வீட்டுக்கு யூனிட்டுக்கு 2 ரூபா 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபா, எல்லாமா 105 ரூபா. 2023 பெப்ரவரியில அதே 30 யூனிட்டுக்கு யூனிட் 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா, மொத்தம் 1300 ரூபா. அந்த வருசம் யூலையில குறைச்சாங்க தான், ஆனா நடுவில வந்த பில்லுகளை கட்டத்தானே வேணும். 30 யூனிட்டுக்குள்ள பாவிக்கிறது யார்? ஃப்ரிஜ் இல்லாத வீடு, ரெண்டு பல்ப்பும் ஒரு ஃபேனும் இருக்கிற வீடு. தம்பலகாமத்திலயும் வெருகல்லயும் அப்படிப்பட்ட வீடுகள் எவ்வளவு இருக்கு எண்டு அங்க போய் வாறவங்களுக்குத் தெரியும்.

ஆனா எனக்கு எல்லாத்திலயும் கூட வலிச்சது ஈபிஎஃப், எங்கட ஊழியர் சேமலாப நிதி. 1958ம் ஆண்டுச் சட்டம் அது, தனியார் துறையில வேலை செய்யிற எங்கட சம்பளத்தில 8 வீதம் கழியும், முதலாளி 12 வீதம் போடுவார், ஆம்பிளையளுக்கு அம்பத்தைஞ்சு வயசிலயும் பொம்பிளையளுக்கு அம்பதிலயும் கிடைக்கிற அந்த ஒரு தொகைய நம்பித்தான் எங்கள மாதிரி ஆக்கள் பிள்ளைக்கு கலியாணமோ வீட்டுக்கு கூரையோ எண்டு யோசிக்கிறம், ஏன் எண்டா எங்களுக்கு அரசாங்கப் பென்சன் இல்லை. 2023 ஜூன் கடைசியில அஞ்சு நாள் பாங்க் லீவு விட்டு, யூலை முதலாந் திகதி சனிக்கிழமை பாராளுமன்றத்தைக் கூட்டி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை, அதாவது அரசாங்கம் நாட்டுக்குள்ள வாங்கின கடன்ர வட்டியையும் தவணையையும் மாத்துறதை, நிறைவேத்தினாங்க. பாங்க்கள் வச்சிருந்த திறைசேரி முறிகள்ல, அதாவது அரசாங்கத்தின்ர கடன் பத்திரங்கள்ல, கை வைக்கேல்லை, பாங்க்கள் ஏற்கனவே களைச்சுப் போயிருக்கு, வரியும் கூடக் கட்டுது, தொட்டா விழுந்திடும் எண்டு காரணம் சொன்னாங்க. தொட்டது ஈபிஎஃப் மாதிரி ஓய்வூதிய நிதிகளை. 3 ட்ரில்லியன் ரூபாவுக்கு மேல இருந்த தொழிலாளர் காசு. பழைய முறியைக் குடுத்திட்டு புது முறி எடுக்கோணும், 2025 வரை 12 வீதம், பிறகு 9 வீதம். மாத்தாட்டி நிதியின்ர வருமானத்துக்கு 14 வீதமா இருந்த வரி 30 வீதமாகும். இது தெரிவு எண்டு சொன்னாங்க, இதை எப்படி தெரிவு எண்டு சொல்லலாம்? முந்தின வருசம் பணவீக்கம் 70 வீதம் வரை போனது, மூண்டு மாதத்துக்கு அரசாங்கம் கடன் வாங்கிற திறைசேரி உண்டியலுக்கு 30 வீதத்துக்கு மேல வட்டி குடுத்தாங்க, கையில காசிருந்தவங்க அதில போட்டு நல்லா உழைச்சாங்க. ஏற்கனவே விலைவாசியால பாதி பெறுமதி போன எங்கட சேமிப்பை தான் திரும்பவும் பிடிச்சு வச்சது.

ஏன் எங்களை? பாங்க்கில நம்பிக்கை போனா அடுத்த நாள் காலமை சனம் கவுண்டருக்கு முன்னால வரிசையில நிக்கும், அரசாங்கத்துக்கு அது பயம். ஈபிஎஃப் அங்கத்தவர் வரிசையில வந்து நிக்க ஏலாது, சட்டம் விடாது, எங்கட காசில பெரும்பகுதி ஓய்வு வயசு வரைக்கும் உள்ளுக்குப் பூட்டிக் கிடக்கு. வெளிநாட்டு பொண்ட்காரருக்கு லண்டன்லயும் நியூயோர்க்லயும் லோயர்மார் இருக்காங்க, வழக்குப் போடுவாங்க. கட்டுநாயக்காவில தைக்கிற பிள்ளைக்கும் சீனன்குடா மாவாலையில மூட்டை தூக்கிற ஆளுக்கும் எனக்கும் அப்படி ஒருத்தரும் இல்லை. எந்த நாட்டிலயும் ஒரு கிழமைக் கடைசியில அரசாங்கத்தை பயப்படுத்தக் கூடியவனுக்குத் தான் முழுக்காசு கிடைக்குது, பயப்படுத்த ஏலாதவன் அதைக் கட்டுறான். இதைத்தான் நான் இந்தக் கடிதத்தில சொல்ல வந்தது.

கந்தளாய் சீனித் தொழிற்சாலையை எடுங்கோ. செக்கோஸ்லோவாக்கிய உதவியோட 1960ஐ ஒட்டித் தொடங்கினது, கரும்புக் காணி, ஆலை, குவாட்டர்ஸ், எங்கட மாவட்டத்தில மூண்டு இனத்து ஆக்களும் ஒண்டா வேலை செய்த இடம். நட்டம் எண்டு 1993ல மூடினாங்க. என்ர மாமா ஒருத்தர் அங்க வேலை செய்தவர், அவர் கடைசி வரைக்கும் சொன்னது மிஷினைத் திருத்தியிருந்தா ஓடியிருக்கும் எண்டு, அது சரியோ எண்டு தீர்ப்புச் சொல்ல நான் எஞ்சினியர் இல்லை. ஆனா அந்த ஆலை வெளிநாட்டு பொண்ட் எதையும் விக்கேல்லை, அது மூடினா கொழும்பில ஒரு பாங்க்கும் ஆடப்போறதில்லை. வேலை போகும் எண்டதுக்காக காப்பாத்துறது எண்டா கந்தளாயைத் தானே முதல்ல காப்பாத்தியிருக்கோணும்? பிறகு வெளிநாட்டு முதலீட்டாளருக்கு குடுக்கிறம் எண்டு எத்தினை தரம் சொன்னாங்க, ஆலை இண்டைக்கும் துருப்பிடிச்சுக் கிடக்கு, ரோட்டால போகேக்க பாக்கலாம்.

இன்னொண்டும் ஞாபகம் இருக்கும் பலருக்கு. 2008 டிசம்பர்ல செலிங்கோ குழுமத்தின்ர கோல்டன் கீ எண்ட கிரெடிட் கார்ட் கம்பனி, சனத்தின்ர காசை வைப்பா வாங்கினது, விழுந்தது, அதே குழுமத்தோட சேர்ந்திருந்த செலான் பாங்க்கில சனம் காசு எடுக்க முண்டியடிச்சது. மத்திய வங்கி உடனே செலானின்ர நிர்வாகத்தை இலங்கை வங்கியிட்ட குடுத்தது, காசு போட்டவங்க ஒரு சதமும் இழக்கேல்லை, அது நல்ல வேலை, பாராட்டுறன். கோல்டன் கீயில போட்டவங்க வருசக்கணக்கா கோட்ஸுக்கும் ஊர்வலத்துக்கும் அலைஞ்சாங்க. லைசன்ஸ் இல்லாத இடத்தில ஏன் போட்டீங்க எண்டு அவங்களைக் கேட்டாங்க. சரி, லைசன்ஸ் இருந்த இடத்தில போட்டவங்களுக்கு என்ன நடந்தது? 2020ல தி ஃபினான்ஸ் எண்ட ஃபினான்ஸ் கம்பனியின்ர லைசன்ஸை மத்திய வங்கி ரத்துச் செய்து, ஈடிஐ எண்ட மற்ற ஃபினான்ஸ் கம்பனியின்ர வியாபாரத்தை நிப்பாட்டினபோது, வைப்புக் காப்புறுதித் திட்டத்தில ஒரு ஆளுக்கு ஆகக்கூடியது 6 லட்சம் ரூபா. 2021ல அதை 11 லட்சமாக்கினாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஓய்வுபெற்ற ரீச்சர், பென்சனோட வந்த மொத்தத் தொகைய இப்படி ஒரு ஃபினான்ஸ் கம்பனியில போட்டவ, காப்புறுதிக் காசு வந்தது, மிச்சத்துக்கு இன்னும் கடிதம் போட்டுக்கொண்டு இருக்கிறா. அவவின்ர மிச்சக் காசுக்கு யாரும் உத்தரவாதக் கடிதம் எழுதேல்லை.

அப்ப எல்லாத்தையும் விழ விடுங்கோ எண்டு சொல்றியா எண்டு கேப்பாங்க. இல்லை. லேமனை விழ விட்டதால உலகம் முழுக்க என்ன நடந்தது எண்டு தெரியும், ஒரு பெரிய பாங்க் விழுந்தா கடைசியில வேலை இழக்கிறது அதோட சம்பந்தமே இல்லாத ஆக்கள் தான். எயார்லைனில வேலை செய்யிற பிள்ளையளும் எங்கட ஆக்கள் தான், மெக்கானிக், கேட்டரிங், லோடர், அவங்களா எயார்பஸ்ஸோட பேசினது? காப்பாத்தலாம், எப்படி எண்டது தான் கேள்வி. சுவீடன்ல 1992ல பாங்க்கள் விழேக்க அரசாங்கம் முதல்ல ஷெயார்காரரைப் பாத்து நட்டத்தை நீங்க முதல் எழுதுங்கோ எண்டு சொன்னது, காசு போட்ட இடத்தில உரிமையை எடுத்தது, கெட்ட லோன்களை செக்குரும் எண்டு ஒரு தனிக் கம்பனியில போட்டு அவசரப்படாம வித்தது. நூர்ட்பாங்கன் எண்ட பாங்க் அப்படி முழுசா அரசாங்கத்தின்ர கைக்கு வந்து, வளர்ந்து நோர்டியா ஆனது, கடைசி ஷெயாரை 2013ல வித்தாங்க. 2020 கொரோனா நேரம் ஜேர்மன் அரசாங்கம் லுஃப்தான்சா எயார்லைனுக்கு 9 பில்லியன் யூரோ பொதி குடுத்தது, 20 வீத ஷெயார் எடுத்தது, கடன் தீரும் வரை லாபப்பங்கு குடுக்கக் கூடாது, மேலதிகாரிகளுக்கு போனஸ் கூடாது எண்டு எழுதி வாங்கினது, 2022ல ஷெயாரை வித்து 760 மில்லியன் யூரோ லாபம் பாத்தது. அதே மாதிரி ஷெயார் எடுத்தும் பிரிட்டன் ஆர்பிஎஸ் பாங்க்கில போட்ட 45.5 பில்லியன் பவுணில சுமார் 10 பில்லியனை இழந்து தான் 2025ல வெளிய வந்தது, அதால உரிமை எடுத்தா மட்டும் எல்லாம் சரிவரும் எண்டு நான் சொல்ல மாட்டன். குறைஞ்சது காசு எங்க போனது, எவ்வளவு திரும்பி வந்தது எண்டு அந்த நாட்டுச் சனத்துக்குத் தெரியும்.

வித்துத் தள்ளுங்கோ எண்டு சொல்றவங்களும் ஒரு விசயத்தைப் பாக்கோணும். இந்தியா எயார் இந்தியாவை 2021ல டாட்டாவுக்கு 18,000 கோடி இந்திய ரூபாவுக்கு குடுத்தது, அதில 15,300 கோடி டாட்டா ஏத்துக்கொண்ட கடன், மிச்சம் 46,000 கோடிக்கு மேற்பட்ட கடன் அரசாங்கத்தின்ர இன்னொரு கம்பனிக்கு மாறினது. வித்தாலும் பழைய கடன் சனத்தோட தான் நிக்குது. ஸ்ரீலங்கனை 2024ல விக்கப் பாத்தாங்க, சரிவரேல்லை, அந்த வருசம் வந்த புது அரசாங்கம் விக்கிறதில்லை எண்டு சொன்னது. வித்தாலும் வச்சிருந்தாலும் கடன் குடுத்தவங்கட பட்டியல் ஒண்டு தான்.

சின்ன ஆக்களுக்கு என்ன செய்தாங்க எண்டதையும் சொல்லோணும், செய்யவே இல்லை எண்டு சொன்னா பொய். 2018ல வறட்சி பாதிச்ச மாவட்டங்கள்ல பொம்பிளையள் எடுத்த மைக்ரோ ஃபினான்ஸ் கடன்ல ஒரு லட்சம் ரூபா வரை தள்ளுபடி செய்தாங்க. பராட்டே சட்டத்தால பாங்க்கள் கோட்ஸுக்குப் போகாமலே கடைக்காரரின்ர காணிய ஏலம் போடுறதை 2024ல கொஞ்ச காலத்துக்கு நிப்பாட்டினாங்க. ஆனா மைக்ரோ கடனுக்கு கிழமைக்குக் கிழமை வீட்டு வாசல்ல வந்து நிண்ட ஆக்களால கிழக்கில எத்தினை குடும்பம் சீரழிஞ்சது, எத்தினை பொம்பிளையள் உயிரை விட்டாங்க, அதுக்குப் பிறகு தான் இந்த ஒரு லட்சம். பராட்டே நிப்பாட்டினதுக்கும் வியாபாரிகள் எத்தினை மாதம் போராடவேண்டி இருந்தது. பாங்க்களுக்காகப் பாராளுமன்றம் சனிக்கிழமை கூடினது.

ஆசிரியர் அவர்களே, உங்களிட்ட நான் கேக்கிறது இது தான். அடுத்த தரம் பட்ஜெட்டில எயார்லைனுக்கோ வேற எந்தக் கம்பனிக்கோ இவ்வளவு பில்லியன் எண்டு ஒரு வரி வரும். அண்டைக்கு அந்தத் தொகையோட நிக்காம, அந்தக் காசு எந்த பாங்க்குக்கு, எந்த பொண்ட்காரருக்கு, எந்த லீசிங் கம்பனிக்கு எவ்வளவு போகப்போகுது, நூறுக்கு எத்தினை வீதம் விட்டுக்குடுத்தாங்க எண்ட பட்டியலைக் கேட்டு வாங்கிப் போடுங்கோ. 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு, திறைசேரிக்கும் எயார்லைனுக்கும் ஒரு விண்ணப்பம் போடலாம். அரச கம்பனிகளின்ர கணக்கைப் பாக்கிற பாராளுமன்றக் கோப் குழுவில எங்கட மாவட்ட எம்பிமார் யாராவது இருந்தா அவங்களிட்டயும் இதே கேள்விய கேளுங்கோ, வாக்கெடுப்புக்கு முதல் கேளுங்கோ, பிறகு கேட்டுப் பிரயோசனம் இல்லை. மற்றது ஈபிஎஃப் புது முறிகளால அங்கத்தவர் ஒருத்தருக்கு ஓய்வுபெறேக்க எவ்வளவு குறையப்போகுது எண்டதை மத்திய வங்கியிட்ட இருந்து ரூபாக் கணக்கில எழுத்தில வாங்கித் தாங்கோ, முப்பது வயசில இருக்கிற ஆளுக்கு எவ்வளவு, நாப்பதில இருக்கிற ஆளுக்கு எவ்வளவு எண்டு. உங்களுக்கு ஆள் போதாட்டி அந்த விண்ணப்பத்தை நானே எழுதித் தாறன், பதில் வந்தா அதை எங்கட ஒபிஸ்ல சம்பளப் பட்டியல் ஒட்டுற பலகையில எல்லாரும் பாக்க ஒட்டுறன்.

இப்படிக்கு,
ஈபிஎஃப் அங்கத்தவர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.